முப்பத்தாறு வயதில் பல் நகருமா?

கடந்த ஆண்டு ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. முதலாண்டு வகுப்பில் மீட்சியியல் பாடத்தைத் தொடங்கியிருந்தேன். கரும்பலகையில் ‘தகைவு’, ‘திரிபு’ என்று எழுதிவிட்டு மாணவர்கள் பக்கம் திரும்பி வாயைத் திறந்ததுதான் தாமதம், முன்வரிசையில் ஒரு சலசலப்பு. முந்தின சனிக்கிழமைதான் என் பற்களுக்குக் கம்பி கட்டியிருந்தார்கள். உதடு உலோகத்தில் இடறி, சொற்கள் பாதி காற்றாக வந்தன. சமாளித்துக்கொண்டு ஹூக் விதிக்குப் போவதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: “சார், கிளிப்பு சின்னப் பசங்களுக்குத்தானே போடுவாங்க? பெரியவங்களுக்குப் பல்லு நகருமா சார்?”

வகுப்பு சிரித்தது. நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இதே கேள்வியை என் வீட்டிலும் கேட்டார்கள். பல் மருத்துவரிடம் போவதற்கு முன் நானே என்னைக் கேட்டுக்கொண்டு இரண்டாண்டுகளைக் கழித்திருக்கிறேன்.

அழகுக்காக நான் போகவில்லை. என் மேல் கோரைப்பல் ஒன்று தெற்றுப்பல். அது அதிர்ஷ்டம் என்று பாட்டி சொல்லியிருந்ததால் அதைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. தொல்லை கீழ் வரிசையில் இருந்தது. நான்கு வெட்டுப்பற்கள் நிற்கவேண்டிய இடத்தில் மூன்றுக்குத்தான் இடம் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றதால் துலக்கும் பிரஷ் இடுக்குகளுக்குள் போவதில்லை, காரை படிந்தது, ஈற்றில் இரத்தம் கசிந்தது. என் தாயாருக்கும் இதே போன்ற கீழ்வரிசைதான். ஐம்பது வயதுக்குள் அவருக்கு முன்பற்கள் இரண்டு ஆடி விழுந்துவிட்டன. கண்ணாடியில் என் பற்களைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

முறுக்கும் முட்டையும்

பல் நகர்வது என்றால் என்ன? தாடை எலும்பு கெட்டியானது. அதற்குள் ஆழப் புதைந்திருக்கும் பல் வேரும் கெட்டியானது. கெட்டியான ஒன்றுக்குள் கெட்டியான இன்னொன்று எப்படி நடந்து போக முடியும்?

இதோடு ஒரு முரண்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல கெட்டி முறுக்கையோ கமர்கட்டையோ கடைவாய்ப்பல்லால் கடிக்கும்போது அந்தப் பல்லின்மீது பல கிலோகிராம் எடைக்குச் சமமான விசை விழுகிறது. நாள்தோறும் மூன்று வேளை, ஆண்டுக்கணக்கில் இப்படி மென்றும் பல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் 50 கிராம் எடை அளவுள்ள விசை, அதாவது ஒரு கோழிமுட்டையின் எடை, சில வாரங்கள் விடாமல் தள்ளினால் அதே பல் நகர்ந்துவிடுகிறது. பெரிய விசைக்கு அசையாதது சிறிய விசைக்கு அசைகிறது!

விடை ஓர் இடைவெளியில் இருக்கிறது. பல் வேர் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் கனத்தில், நோட்டுப் புத்தகத்தின் இரண்டு மூன்று தாள்களின் கனத்தில், ஓர் இணைநார்ப் படலம் இருக்கிறது. நார்கள், நுண்ணிய இரத்தக் குழாய்கள், செல்கள், இவற்றுக்கிடையே திரவம். பல் இந்தப் படலத்தில் தொங்குகிறது என்றே சொல்லலாம். முறுக்கைக் கடிக்கும் விசை ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. அதற்குள் திரவம் பிதுங்கி வெளியேற நேரமில்லை. நசுங்காத திரவம் விசையைத் தாங்கி எலும்புக்குக் கடத்திவிடுகிறது. வண்டிகளில் இருக்கும் அதிர்வு தாங்கியும் இப்படித்தான் வேலை செய்கிறது.

கம்பியின் விசையோ எடுக்கப்படுவதில்லை. சில நொடிகளில் திரவம் விலகுகிறது. பல் தன் குழிக்குள் மிகச் சிறிது சாய்கிறது. ஒரு பக்கம் படலம் நசுங்குகிறது, எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் இரத்த ஓட்டம் குறைகிறது, இழுபட்ட பக்கத்தில் மாறுகிறது. சில மணி நேரத்தில் செல்கள் இரசாயனச் செய்திகளை வெளியிடுகின்றன. இரண்டு நாள் அளவில், நசுங்கிய பக்கத்து எலும்புச் சுவரில் ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் எலும்பு கரைக்கும் செல்கள் வந்து சேர்கின்றன. இழுபட்ட பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் எலும்பு கட்டும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. முன்னால் சுவர் கரைகிறது, பின்னால் சுவர் எழும்புகிறது, பல் குழியோடு சேர்ந்து இடம் மாறுகிறது.

புதுவைக்காரர்களுக்கு இதை விளக்க நான் கடற்கரையைத்தான் காட்டுவேன். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், அவற்றுக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரக் கடற்கரை அரிக்கப்பட்டது. மணலை யாரும் லாரியில் அள்ளிக்கொண்டு போகவில்லை. சிறிய தள்ளல்தான், ஆனால் ஓயாத தள்ளல். கரையின் கோடு ஒரு பக்கம் உள்வாங்கியது, மறுபக்கம் முன்னேறியது.

இணைநார்ப் படலம்தான் காரணம் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் டைட்டானியம் திருகைப் பதித்துச் செயற்கைப் பல் பொருத்துகிறார்கள் அல்லவா? அந்தத் திருகு எலும்போடு நேரடியாகப் பிணைந்துவிடுகிறது; நடுவில் படலம் கிடையாது. அதை எத்தனை மாதம் கம்பியால் தள்ளினாலும் நகராது.

குடத்தின் அடியில் உள்ள அழுத்தம்

பல் எலும்பை வளைத்துக்கொண்டு நகர்கிறதா, கரைத்துக்கொண்டு நகர்கிறதா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவர்கள் இரு கட்சிகளாக இருந்தார்கள். சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பற்களைக் கம்பியால் நகர்த்தி, திசுக்களை வெட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அம்முடிவுகள் 1904-05-இல் வெளியாயின. அழுத்தப் பக்கத்தில் எலும்பு கரைவதையும் இழுவைப் பக்கத்தில் புது எலும்பு படிவதையும் அவர் கண்டார். கூடவே எதிர்பாராத ஒன்றையும் கண்டார். விசை கூடிப்போன இடங்களில் செல்களே இல்லாமல், படலம் கண்ணாடிபோல் வெறுமையாகக் கிடந்தது.

விசை கூடினால் நுண்குழாய்கள் முற்றிலும் நசுங்கி அங்கே செல்கள் மடிகின்றன. மடிந்த இடத்தில் எலும்பைக் கரைக்க யார் இருக்கிறார்கள்? பக்கத்திலிருந்து செல்கள் சுற்றி வளைத்துப் பின்புறமிருந்து சுவரைக் குடைந்து வரவேண்டும். அதுவரை, ஒன்றிரண்டு வாரம்கூடப் பல் அசையாமல் நிற்கும். வலி மட்டும் மிச்சம். ‘இன்னும் இறுக்கிக் கட்டினால் சீக்கிரம் முடியுமே’ என்று மருத்துவரை அவசரப்படுத்துபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அப்படியானால் எவ்வளவு அழுத்தம் சரி? 1932-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் சொன்ன கணக்கு எளிமையானது: நுண்குழாய்களில் உள்ள இரத்த அழுத்தத்தைத் தாண்டக்கூடாது, அதாவது வேரின் பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் எடை. இது எவ்வளவு என்று உங்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு குடத்தில் 25 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறைத்தால், அந்தத் தண்ணீரால் குடத்தின் அடியில் உண்டாகும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிராம் எடை. பாதரசக் கணக்கில் சுமார் 18 மில்லிமீட்டர். ஒரு குடம் தண்ணீரின் அழுத்தம் எலும்பை வழிவிடச் செய்கிறது! வேரின் பரப்பு முழுவதும் அழுத்தம் ஒரே சீராகப் பரவுவதில்லை என்பதால் இன்று இந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்வதில்லை. மெல்லிய விசையே நல்ல விசை என்ற கருத்து மட்டும் நிலைத்துவிட்டது. இந்த முறையில் பல் நகரும் வேகம் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்.

இங்கே ஒரு சிறு ஒப்புதல். ஜப்பானில் ஃபுகாடா, யாசுடா என்ற இருவர் எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றுவதை 1957-இல் காட்டினார்கள். குவார்ட்சுப் படிகத்தில் காணும் அதே அழுத்த மின்விளைவு. இந்த மின்சாரம்தான் செல்களை எழுப்புகிறது என்ற கருத்து சில காலம் செல்வாக்கோடு இருந்தது. இயற்பியல் ஆசிரியனுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன? ஆனால் விசையை எடுக்காமல் வைத்திருந்தாலும் அந்த மின்குறி கணத்தில் மறைந்துவிடுகிறது. வாரக்கணக்கில் நடக்கும் வேலைக்கு அது முதன்மைக் காரணமாக இருக்க முடியாது. இரத்த ஓட்டமும் இரசாயனச் செய்திகளுமே பெரும்பங்கு வகிக்கின்றன.

ஆணியும் கயிறும்

மணலில் பாதி புதைந்த ஒரு முளையின் தலையைத் தள்ளிப் பாருங்கள். முளை நகராது, சாயும். தலை முன்னே போகும், அடிமுனை பின்னே போகும். முளை நிமிர்ந்தபடியே நகரவேண்டுமானால், மணலுக்குள் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் தள்ளவேண்டும். அதை எதிர்ப்பு மையம் என்போம். பல்லுக்கு அந்த மையம் எலும்புக்குள் வேரின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கிறது. அங்கே கையை வைக்க முடியாது. நம் பிடியில் இருப்பது வெளியே தெரியும் பல்லின் தலை மட்டுமே.

பாடப் புத்தகத்தில் விசை இரட்டை என்று படித்திருப்பீர்கள். அளவில் சமமான, திசையில் எதிரான இரண்டு விசைகள் திருப்பத்தை மட்டும் தரும். பல்லின் தலையில் தள்ளும் விசையோடு, சாய்வை எதிர்க்கும் இரட்டை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் பல் சாயாமல் நகரும். வட்டக் கம்பி பிடிக்குள் சுழன்றுவிடும். செவ்வகக் கம்பியைச் செவ்வகப் பள்ளத்தில் பொருத்தி முறுக்கினால் இரட்டை கிடைக்கும். 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள் வகுத்த முறை இது. பல்லில் ஒட்டும் ‘பிராக்கெட்’ என்ற சிறு பிடியில் இன்றும் இந்தப் பள்ளம்தான் இருக்கிறது, உயரம் 0.56 மில்லிமீட்டர். கோணலை நேராக்கியவருக்குக் கோணம் என்றே பெயர் அமைந்ததை என்னவென்பது!

அடுத்து நியூட்டனின் மூன்றாம் விதி. எனக்கு இடம் உண்டாக்குவதற்காக மேலும் கீழுமாக முன்கடைவாய்ப்பற்கள் எடுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் விட்டுச்சென்ற இடைவெளி சுமார் 7 மில்லிமீட்டர். கோரைப்பல்லைப் பின்னால் இழுக்க வேண்டும். எதைப் பிடித்துக்கொண்டு இழுப்பது? பின்கடைவாய்ப்பல்லைப் பிடித்து இழுத்தால் அதே விசையில் அது முன்னால் வரும். கயிறு இழுக்கும் போட்டிதான். ஆனால் பின்னணியில் பெரிய வேர்களையுடைய பற்களை ஒன்றாகக் கட்டி நிறுத்தினால், அதே விசை பெரிய பரப்பில் பரவி அழுத்தம் குறைகிறது. அவை கொஞ்சம்தான் நகரும். அதுவும் கூடாது என்றால் எலும்பில் ஒரு சிறு திருகைப் பதித்து அதிலிருந்து இழுக்கிறார்கள். திருகுக்குப் படலம் இல்லை என்று முன்பே பார்த்தோமே!

புகைக்குழாய் லைட்டரில் பிறந்த கம்பி

கம்பிக்கு வருவோம். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஹூக் விதிக்குக் கட்டுப்பட்டது. இரு மடங்கு வளைத்தால் இரு மடங்கு விசை. கோணிக் கிடக்கும் பல்லில் கட்டியதும் விசை அளவுக்கு மீறி இருக்கும். பல் சிறிது நகர்ந்ததும் விசை சரிந்துபோகும். கம்பியை மெல்லியதாக்கலாம். வட்டக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்மடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் இது மிகவும் பயன்படும். 0.46 மில்லிமீட்டர் கம்பியை 0.36 ஆக்கினால், குறைந்தது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். விறைப்போ ஏறத்தாழ 2.7 மடங்கு குறைகிறது. ஆனாலும் எஃகு எஃகுதான்.

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படையின் படைக்கல ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் ஓர் உலோகக் கலவையை ஆராய்ந்துகொண்டிருந்தார். நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. ஒரு கூட்டத்தில் அதன் பட்டை ஒன்றை மடித்து மடித்துக் காட்டியபோது, அங்கிருந்தவர் ஒருவர் புகைக்குழாய் லைட்டரால் அதைச் சூடாக்கிப் பார்த்தார். மடிந்த பட்டை தானாக நிமிர்ந்து பழைய வடிவுக்கு வந்தது! நிக்கல், டைட்டானியம், ஆய்வகம் ஆகியவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து நிட்டினால் என்று பெயர் வைத்தார்கள். 1971-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் இதைப் பற்களுக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். பின்னர் வந்த வகைகளில் ஒரு விந்தை உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளைத்தால் விசை கூடாமல் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. உலோகத்தின் அணு அமைப்பே ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி வளைவை உள்வாங்கிக்கொள்கிறது. பல் நகர நகரவும் விசை அதிகம் குறைவதில்லை. செல்களுக்கு வேண்டியது இதுதானே: சிறியது, ஓயாதது.

என் வாயில் முதல் சில மாதங்கள் இருந்தது வெப்பத்துக்கு இசையும் நிட்டினால். குளிர்ந்தால் தளரும், உடல் வெப்பத்தில் விறைக்கும். புதுவையின் பிற்பகல் வெயிலில் கல்லூரியிலிருந்து வந்து ஐஸ் தண்ணீர் ஒரு வாய் குடித்தால் பற்களின் இழுவை சட்டெனத் தளர்வதை உணர்வேன். சில நிமிடங்களில் பழையபடி பிடித்துக்கொள்ளும். கட்ட மாற்றத்தை நான் பத்தாண்டுகளாகக் கரும்பலகையில் கற்பித்திருக்கிறேன். ஈற்றில் உணர்ந்தது அப்போதுதான்.

வயதின் கணக்கு

இனி அந்த மாணவனின் கேள்விக்கு நேரான விடை. எலும்பைக் கரைத்துக் கட்டும் வேலை வளரும் வயதோடு நின்றுவிடுவதில்லை. உயிருள்ளவரை நம் எலும்புகளில் அது நடந்துகொண்டே இருக்கிறது. கையொடிந்தால் அறுபது வயதிலும் கூடுகிறது அல்லவா? ஆகவே பல்லும் நகரும். பெரியவர்களிடம் செல்கள் திரண்டு வேலையைத் தொடங்குவது சற்றுத் தாமதமாகும். தொடங்கியபின் வேகத்தில் பெரிய குறைவில்லை.

ஆனால் இரண்டு செய்திகளை மறைக்கக்கூடாது. முதலாவது, தாடை வளர்ந்து முடிந்துவிட்டது. சிறுவர்களிடம் தாடையின் வளர்ச்சியையே திருப்பிவிடலாம். நம்மிடம் பற்களை மட்டுமே நகர்த்தலாம். தாடையே முன்பின்னாக அமைந்திருந்தால் அறுவை மருத்துவம் தேவைப்படலாம். இரண்டாவது, ஈறு. ஈறு நோயால் எலும்பு தேய்ந்திருந்தால் அந்த முளை மணலில் ஆழமாகப் புதைந்திருக்கவில்லை என்று பொருள். எதிர்ப்பு மையம் இன்னும் கீழே போய்விடுகிறது. விசை விழும் இடத்துக்கும் அதற்கும் தூரம் கூடி, திருப்புத்திறன் கூடுகிறது. தாங்கும் பரப்போ குறைந்துவிட்டது. இருபது வயதில் இதமாக இருக்கும் விசை இங்கே பல்லை ஆட்டி எடுத்துவிடும். நோய் ஆறாமல் கம்பி கட்டினால் எலும்பு இழப்பு விரைவுபடும். என் மருத்துவர் முதல் மூன்று மாதம் காரை அகற்றவும் ஈற்றை ஆற்றவும் மட்டுமே செலவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது படத்தை வரைந்து பார்த்தால் அவர் செய்தது சரியென்று தெரிகிறது. கட்டுப்படாத நீரிழிவும் புகைப்பழக்கமும் இதே காரணத்தால் தடைகள். எலும்புத் தேய்வுக்குச் சிலர் உட்கொள்ளும் பிஸ்பாஸ்பனேட் மருந்துகள் எலும்பு கரையும் வேலையையே தடுப்பவை. அவற்றைச் சாப்பிடுபவர் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேர் நுனியும் சிறிது கரைந்து குட்டையாவதுண்டு. பெரும்பாலோரிடம் அது பொருட்படுத்தத்தக்கதன்று, ஆனாலும் இடையிடையே எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

இந்த முயற்சி நம் ஊருக்கு ஏதோ புதிதாக வந்த நாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. புதுச்சேரி பிரெஞ்சுக் கம்பெனியின் ஆட்சியில் இருந்த 1728-இல், பாரிசில் பியேர் ஃபோஷார் என்பவர் பல் மருத்துவம் பற்றி இரண்டு பாகங்களில் ஒரு நூல் வெளியிட்டார். துளைகள் இட்ட பொன் அல்லது வெள்ளிப் பட்டையைப் பற்களோடு நூலால் கட்டி வரிசைப்படுத்தும் முறை அதில் இருக்கிறது. பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கையை அவர் அன்றே ஏற்க மறுத்தார். நாம் இன்னும் ‘பூச்சிப் பல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்று கோரிமேட்டில் 1990-இல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. செலவுக்கு அஞ்சுவோர் இத்தகைய கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் விசாரிக்கலாம். வெளித்தெரியாத பிளாஸ்டிக் உறைகளும் இப்போது உண்டு. விசை எதிலிருந்து வந்தாலும் எலும்புக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் உறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டால் விசையும் மேசையில்தான் இருக்கும். நாளில் பல மணி நேரம் தொடர்ந்து விசை கிடைக்காவிட்டால் செல்கள் அசைவதில்லை.

கம்பி எடுத்தபிறகும் வேலை முடியாது. ஈற்றிலுள்ள மீள்நார்கள் பழைய இடத்தை மறப்பதற்கு ஓராண்டுக்கு மேலாகலாம். அதுவரையிலும், பெரும்பாலும் அதற்குப் பிறகும், ரிட்டெய்னர் என்னும் காப்புக் கருவியை அணியவேண்டும். இதைச் சோம்பலால் விட்டுவிட்டு மறுபடி கம்பி கட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குக் கம்பி கட்டி ஓராண்டு நெருங்குகிறது. தடித்த ஓடுள்ள பிரெஞ்சு ரொட்டியைக் கடித்து ஒரு பிராக்கெட்டைப் பெயர்த்ததைத் தவிர வேறு விபத்தில்லை. மாதந்தோறும் பிளாஸ்டிக் வெர்னியர் ஒன்றை வைத்துக் கண்ணாடி முன் நின்று கோரைப்பல்லின் பின்னுள்ள இடைவெளியை அளக்கிறேன். ஏழில் தொடங்கியது இப்போது இரண்டரை மில்லிமீட்டர். கீழ் வரிசையில் நான்கு வெட்டுப்பற்களும் தோளோடு தோள் நிற்கின்றன. துலக்கினால் இரத்தம் வருவதில்லை. தாயார் ஒருநாள் என் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கேள்வி கேட்ட மாணவன் இப்போது என் அளவீடுகளை வரைபடத்தாளில் குறித்து வருகிறான். வரைகோடு நேராக இல்லை, படிபடியாக இருக்கிறதே, ஏன் சார் என்று கேட்கிறான். அடுத்த இறுக்கம் வரும் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு எழுத்துத் தேர்வு வைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பேச வராது.